கறுப்பு வண்டியின் இடது பக்கம்

ஈரோட்டிலிருந்து பெருந்துறை போகிற ரோட்டில், அரிசி மில் சுவரை ஒட்டினாற்போல ஒரு தகரக் கொட்டகை. கார்களுக்கு பாலிஷ் போடுகிற இடம். நடத்துகிறவள் பேர் திலகவதி. வயசு முப்பத்தாறு. ஆனாலும் ஊரே அவளை மேஸ்திரி என்றுதான் கூப்பிடும்.

அவளிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தவருக்கு வயசு ஐம்பத்து மூன்று. பேர் நாச்சிமுத்து. இருபத்தெட்டு வருசம் வண்டிகளுக்கு பெயின்ட் அடித்த கை.

டாக்டர் அவர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "பெயின்ட் புகை இனிமேல் ஆகாது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். வண்டியும் கலரும் தவிர வேறொன்றும் அறியாத மனுசன். மச்சான் ஒரு சாயப்பட்டறையில் வாட்ச்மேன் வேலை பேசி வைத்தார். காக்கிச் சட்டைகூடத் தைத்து வந்துவிட்டது. அதை மடித்து பீரோவில் வைக்கச் சொல்லிவிட்டு, "மூணு மாசம் பொறு" என்று பெண்டாட்டியிடம் கெஞ்சிவிட்டு இங்கே வந்தார்.

மேஸ்திரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பாப்போமுங்ணா. மூணு மாசத்துல கை ஒத்து வந்துதுன்னா ஒரு மிஷின்ல உங்க பேரை எழுதிக்குங்க. வரலைன்னா மனசுல வெச்சுக்காதீங்க."

அந்தக் கொட்டகையில் அப்படியொரு வழக்கம். பாலிஷ் மிஷின் ஒவ்வொன்றிலும் அதை ஓட்டுகிறவர் பேர் இருக்கும். இன்னொருத்தர் அதைத் தொடமாட்டார். மேஸ்திரியின் மிஷினில் 'திலகா' என்று எழுதியிருந்தது. வண்டி கழுவுகிற ஜாபருக்கு மிஷின் கிடையாது. அவர் தன் பேரை வாளியில் எழுதி வைத்திருந்தார். வேலை கற்றுக்கொள்கிறவருக்கு, பேர் எழுதாத ஒரு பழைய மிஷின்.

முதல் நாள் ஒரு கறுப்பு வண்டி வந்து நின்றது.

"பானெட்ல எத்தனை கோடு இருக்குதுங்ணா?"

நாச்சிமுத்து குனிந்து பார்த்தார். "மூணுங்க. ஒண்ணு சாவியில கீறினது. ரெண்டு பூனை ஏறினது."

மேஸ்திரி சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். பழைய மெழுகெல்லாம் போகிற மாதிரி ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தாள். டியூப் லைட்டை அணைத்தாள். டார்ச்சை பானெட்டின் மேல் சாய்த்துப் பிடித்தாள்.

பானெட் முழுக்க ஒரு சிலந்தி இருந்து பின்னின மாதிரி வலை. மெல்லிசு மெல்லிசாக, வட்டம் வட்டமாக, ஆயிரம் கோடு.

"அட கருமமே!" என்றார் நாச்சிமுத்து.

"எண்ணுங்ணா" என்றாள் மேஸ்திரி.

ஜாபர் வாளிக்குப் பின்னாலிருந்து சிரித்தார். "இன்னைக்கு ஆரம்பிச்சா தைப் பொங்கலுக்குள்ள எண்ணிப்போடலாமுங்ணா. பொங்கலுக்கு லீவு."

இரண்டாம் வாரம் டார்ச்சை அவர் கையிலேயே கொடுத்துவிட்டாள். வெளிச்சம் எங்கே விழுந்ததோ அங்கே வலை தெரிந்தது. நாச்சிமுத்து அந்த இடத்தைச் சுற்றி டேப் ஒட்டினார். தேய்த்தார். போய்விட்டது. டார்ச்சை ஒரு முழம் தள்ளிப் பிடித்தார். வலை அங்கே உட்கார்ந்திருந்தது. அங்கேயும் டேப் ஒட்டினார். இன்னொரு முழம் தள்ளினார். வலையும் கூடவே வந்தது.

சாயங்காலத்துக்குள் வண்டி முழுக்க டேப். அடிபட்டுக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்த ஆள் மாதிரி நின்றது.

"மேஸ்திரி, இந்தக் கோடு நம்ம கூடவே ஓடி வருதுங்க!"

"கோடு இருந்த எடத்துலயே இருக்குதுங்ணா. ஓடறது நீங்க."

வண்டி முழுவதும் கோடுதான், வெளிச்சம் படுகிற இடத்தில் மட்டும் கண்ணுக்கு அகப்படுகிறது என்று அவருக்குப் புரிய அன்றைக்கு ராத்திரிச் சோற்று நேரம் ஆகிவிட்டது. சாப்பிட்ட கையோடு சத்தமாகச் சிரித்தார். பெண்டாட்டி, மருந்து மாறிப் போய்விட்டதோ என்று பயந்துபோனாள்.

இன்னொரு நாள் கேட்டார். "மேஸ்திரி, பெயின்ட் அடிக்கறப்ப பள்ளம் இருந்தா பூசி நிரப்புவோமுங்க. இங்க எதையும் பூசாம கோடு எப்படிப் போகுது?"

மேஸ்திரி கை கழுவுகிற சோப்பை எடுத்தாள். நகத்தால் அதில் ஒரு கீறல் போட்டாள். ஈரக் கட்டைவிரலால் சோப்பின் மேல்பக்கம் முழுவதையும் சுற்றிச் சுற்றித் தேய்த்தாள். கொஞ்ச நேரத்தில் கீறலைக் காணோம்.

"கோடு எங்கீங்ணா போச்சு?"

நாச்சிமுத்து சோப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்கயும் போகலீங்க. சுத்தி இருந்ததெல்லாம் அதும் மட்டத்துக்கு எறங்கி வந்துருச்சு."

"சோப்பு?"

"தேஞ்சுபோச்சுங்க."

"மனசுல வெச்சுக்குங்க. வண்டி மேல இருக்கற பூச்சு இந்த சோப்பளவுகூடக் கெடையாது."

அன்றிலிருந்து அவர் கை இளகியது. அழுத்தித் தேய்க்கிறதை விட்டார். கதவின் விளிம்பிலும், மடிப்பு எழும்புகிற மேட்டிலும் பூச்சு மெல்லிசு என்று மிஷினை நிறுத்திவிட்டுக் கையாலேயே தொட்டுத் தொட்டு எடுத்தார். ஜாபர் கேட்டார், "ஏனுங்ணா, வண்டிக்கு பாலிஷ் போடறீங்களா, கொழந்தைக்குப் பவுடர் போடறீங்களா?"

மூன்றாம் மாசம் பிறந்த பிறகு ஒரு நாள், வெகுநாளாக மனசில் கிடந்ததைக் கேட்டார்.

"வேலை முடிஞ்சுதுன்னு எப்படீங்க தெரியும்?"

"நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு வாங்க."

வந்தார். கொட்டகையின் வாசல் வடக்கே பார்த்தது. முடித்த வண்டியை அப்படியே முன்னால் உருட்டி வாசலில் நிறுத்துவார்கள். கிழக்குப் பக்கம் திறந்த வெளி. மேற்கே மில் சுவர். திருப்பி நிறுத்த இடம் கிடையாது. எட்டு மணி வெயில் குறுக்கே அடித்து, வண்டி தகதகவென்று நின்றது.

மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டு சூரியன் பக்கம் திரும்பினாள். "டியூப் லைட்டு ஏமாத்தும். டார்ச்சும் ஏமாத்தும். பொழுதுகிட்டக் காட்டுவேன். பொழுது ஒண்ணும் சொல்லலைன்னா முடிஞ்சுது."

நாச்சிமுத்து அதை வேதவாக்காக வாங்கிக்கொண்டார்.

கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது மஞ்சள் மண்டி ராமலிங்கத்தின் வண்டி வந்தது. பெரிய வண்டி. மை மாதிரிக் கறுப்பு. மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு அந்த வண்டிதான். டிரைவர் தினமும் காலையில் பழைய லுங்கியால் அதை வறட்டுத் துடை துடைத்து வைத்திருந்தார். டார்ச் பிடித்துப் பார்த்த ஜாபர், "லுங்கியோட கட்டமே தெரியுதுங்" என்றார்.

மேஸ்திரி ஒரு சாக்பீஸ் எடுத்து, பானெட்டுக்கு முன்னால் தரையில் நடுவாக ஒரு கோடு போட்டாள்.

"வலது பக்கம் உங்களுக்கு. இடது பக்கம் எனக்கு. ஆரு எந்தப் பக்கம்னு சொல்லப் போறதில்ல. ராமலிங்கத்துக்கு வித்தியாசம் தெரியலைன்னா நீங்க பேர் எழுதிக்கலாம்."

"தெரிஞ்சுதுன்னா?"

"அது உங்களுக்கே தெரியுமுங்ணா."

இரண்டு நாள் வேலை. நாச்சிமுத்து டீ குடிக்கக்கூட வெளியே போகவில்லை. ரப்பர் ஓரமெல்லாம் டேப் ஒட்டி, ஒரு சாண் ஒரு சாணாகப் போனார். தேய்க்கிறது, ஸ்பிரிட்டால் துடைக்கிறது, டார்ச்சில் பார்க்கிறது, மறுக்காவும் தேய்க்கிறது. வண்டிக்கு அந்தப் பக்கம் மேஸ்திரியின் மிஷின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தோடு தன் மிஷின் சத்தம் ஒத்துப் போகிறதா என்று அவர் காது பார்த்துக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் எட்டு மணிக்கு வண்டி வாசலில் நின்றது. ராமலிங்கம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றி வந்தார். வலது பக்கம் குனிந்தார். தன் மீசையைப் பார்த்து ஒதுக்கிக்கொண்டார். பானெட்டைச் சுற்றி இடது பக்கம் போனார். அங்கேயும் பார்த்தார்.

"ரெண்டு பக்கத்துல எது நல்லாருக்குதுங்க?" என்றாள் மேஸ்திரி.

"இதென்ன கேள்வி? ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குது. வண்டி ஒண்ணுதானே!"

ஜாபர் வாளியைத் தட்டி மேளம் கொட்டினார். வண்டி போனதும் மேஸ்திரி நாச்சிமுத்துவைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

"நாளைக்குப் பேர் எழுதுங்ணா. பெயின்டர் எழுத்து, நல்லா இருக்கோணும்."

பீரோவில் கிடக்கிற காக்கிச் சட்டையை மச்சானுக்கே கொடுத்துவிடலாம் என்று நாச்சிமுத்து நினைத்தார். மச்சானுக்குக் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும். இருக்கட்டும்.

அன்றைக்குச் சாயங்காலம் தன் மொபெட்டில் வீட்டுக்குக் கிளம்பினார். ரயில்வே கேட் போட்டிருந்தது. மொபெட்காரர்கள் செய்கிற மாதிரி, நிற்கிற வண்டிகளின் இடது ஓரமாக நெளிந்து நெளிந்து முன்னால் போனார். போனவர் சட்டென்று காலை ஊன்றினார்.

பக்கத்தில் ராமலிங்கத்தின் வண்டி.

மேற்கே இறங்குகிற வெயில் அதன் இடது பக்கத்தில் நேராக அடித்தது. முன் கதவிலும் பின் கதவிலும், துடைப்பத்தால் கூட்டின வாசல் மணல் மாதிரி, வளைவு வளைவாக இழுப்புத் தெரிந்தது. அவர் தலையை அசைத்தால் அதுவும் அசைந்தது. கறுப்பு கறுப்பாக இல்லை. சாம்பல் பூத்துக் கிடந்தது.

பார்த்த கணம், நம் வேலைதான் என்று நினைத்தார். பிறகுதான் உறைத்தது. இது இடது பக்கம்.

பின் சீட்டுக் கண்ணாடி இறங்கியது. ராமலிங்கத்தின் வீட்டம்மா பத்மாவதி எட்டிப் பார்த்தார்.

"நீங்க பாலிஷ் கொட்டகைக்காரருதானுங்க? நானு எப்பவும் இந்தப் பக்கந்தான் ஏறுவேன். ஏதோ மசமசன்னு தெரியுதுங்க. அவருகிட்டச் சொன்னா, உன் மூக்குக்கண்ணாடிய மாத்துங்கறாரு."

நாச்சிமுத்து கதவின் பக்கம் குனிந்தார். அதற்குள் கேட் தூக்கியாயிற்று. பின்னால் அத்தனை வண்டியும் ஹாரன் அடித்தது. கறுப்பு வண்டி போய்விட்டது.

அவர் மொபெட்டைத் திருப்பினார்.

கொட்டகை வாசலில் ஜாபர் துணிகளை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் ஈரத் துணியோடு வந்து அவர் கையைப் பிடித்தார்.

"ஏனுங்ணா, உங்க பக்கம் நல்லாருக்குதல்ல?"

"இருக்குது."

"ராமலிங்கம் நல்லாருக்குதுன்னுட்டாரல்ல?"

"சொன்னாரு."

"நாளைக்குப் பேர் எழுதப் போறீங்கல்ல? அப்பறம் இன்னைக்கு எதுக்குங்க வாயத் தொறக்கறீங்க? போன வருசம் இப்படித்தான் ஒருத்தன், மேஸ்திரி உங்க வேலையில கொறைன்னு சொன்னான்."

"அப்பறம்?"

"இப்ப பஞ்சர் ஒட்டறான்."

"அவன் சொன்னது நெசமா?"

"பொய்யிதான்" என்றார் ஜாபர். "ஆனா பஞ்சர் ஒட்டறது நெசம்."

நாச்சிமுத்து உள்ளே போனார். மேஸ்திரி தன் மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் வந்து நின்ற தோரணையைப் பார்த்துத் துணியைக் கீழே வைத்தாள்.

"அம்மிணி..." என்று ஆரம்பித்தார். மூன்று மாசமாக மேஸ்திரி என்றே கூப்பிட்ட வாய், பயத்தில் தடுமாறிவிட்டது. "காலைல போன வண்டி... இடது பக்கம் சரியில்லீங்க."

"இடது பக்கம் நானு போட்டது."

"ஆமாங்க."

மேஸ்திரி வாசல் பக்கம் பார்த்தாள்.

"பொழுது இன்னும் இருக்குதா?" என்றாள்.

"அரை மணி நேரம் இருக்குமுங்க."

"காட்டுங்க."

அவள் தன் ஸ்கூட்டரை எடுத்தாள். அவர் மொபெட்டில் பின்னால் போனார். வழி முழுக்க அவர் பார்த்தது அவள் முதுகைத்தான். முதுகிலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

ராமலிங்கத்தின் வீட்டு வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். வண்டி ரோட்டோரம் நின்றது. மேஸ்திரி முதலில் வலது பக்கம் பார்த்தாள். பிறகு சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்தாள். வெயில் அவள் முதுகில் விழுந்தது. நின்று பார்த்தாள். குனிந்து பார்த்தாள். இரண்டு அடி தள்ளிப் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

நாச்சிமுத்துவுக்குக் காக்கிச் சட்டையின் பித்தளைப் பொத்தான்கள் கண்ணில் வந்தன.

மேஸ்திரி நிமிர்ந்தாள். நேராகப் பந்தலுக்குள் போனாள்.

"ஐயா, வண்டியில இடது பக்கம் வேலை தப்பாப் போச்சுங்க. தப்பு என்னுது. நானு போட்ட பக்கம். காலைல வண்டிய அனுப்புங்க."

ராமலிங்கத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நாளைக்குச் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்புங்க! வெளையாடறீங்களா? எனக்கு ஒண்ணுமே தெரியலையே!"

"எனக்குத் தெரியுது" என்று உள்ளேயிருந்து பத்மாவதியின் குரல் வந்தது. "கண்ணாடி மாத்தாமயே தெரியுது."

பந்தல்காரர்கள் சிரித்துவிட்டார்கள். ராமலிங்கம் மீசையைத் தடவினார்.

"நாலு மணிக்குள்ள வண்டி கெளம்பீருமுங்க" என்றாள் மேஸ்திரி.

வெளியே வந்து ஸ்கூட்டரை எடுக்கும்போது நாச்சிமுத்துவிடம் ஒரே வார்த்தை சொன்னாள். "ஆறு மணிக்கு வந்துருங்ணா."

அன்றைக்குப் பேர் எழுதுவது பற்றி அவளும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

காலையில் வண்டியைக் கொட்டகைக்குள் ஏற்றினார்கள். நாச்சிமுத்து உடனே மிஷினை எடுக்கவில்லை.

"மேஸ்திரி, இந்தக் கதவுக்கு எப்படி நின்னீங்களோ அப்படியே நில்லுங்க."

நின்றாள். மிஷினைப் பிடித்தாள். அவளுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி. குழாய்த் தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒருதரம் என்று ஆனபிறகு, ஒரு வருசத்துக்கு முன்னால் இடது பக்கச் சுவரோரம் வாங்கி வைத்தது. வண்டிக்கும் தொட்டிக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில்தான் நிற்கலாம்.

"கையப் பின்னால இழுங்க."

இழுத்தாள். முழங்கை தொட்டியில் இடித்தது. மிஷின் ஒரு விரல்கடை சாய்ந்தது.

இரண்டு பேரும் அந்தச் சாய்வையே பார்த்தார்கள்.

"சாஞ்ச மிஷின் ஓரத்தால இழுக்குதுங்க" என்றார் நாச்சிமுத்து. "அதான் கூட்டின மாதிரி. எட்டி நின்னு டார்ச் பிடிச்சுப் பாக்கவும் எடமில்ல. மூஞ்சிக்கிட்டயே பிடிச்சா எல்லாம் நல்லாத்தான் தெரியும்."

"காலைல பொழுதும் இந்தப் பக்கம் வராது" என்றாள் மேஸ்திரி மெதுவாக. "வாசல்ல நிக்கற நேரம் பூரா இந்தப் பக்கம் நெழலுதான்."

பிறகு குரலை உயர்த்தினாள். "ஜாபரண்ணா, தொட்டியத் தெறந்து விடுங்க. நகத்தோணும்."

"மேஸ்திரி! நேத்துப் பிடிச்ச தண்ணி!"

"தெறந்து விடுங்க. அப்பறம், தொட்டி வந்ததுல இருந்து கறுப்பும் கருநீலமும் எத்தனை வண்டி போச்சு?"

ஜாபர் விரல் விட்டார். "பதினொண்ணுங்க."

"அத்தனை பேருக்கும் போன் போட்டு வரச் சொல்லுங்க. எங்க தப்பு, காசு வேண்டாம்னு சொல்லுங்க."

ஜாபர் தலையில் கை வைத்துக்கொண்டு வாளியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். தொட்டித் தண்ணீர் கொட்டகையைத் தாண்டி ரோட்டுக்கு ஓடியது.

தொட்டி நகர்ந்தது. இடம் கிடைத்தது. மேஸ்திரி தன் மிஷினை நாச்சிமுத்துவிடம் நீட்டினாள். 'திலகா' என்று எழுதின மிஷின்.

"இடது பக்கம் நீங்க போடுங்க."

அவர் கை நீளவில்லை. "இது உங்களுதுங்க."

"தப்பு இதுலதான் வந்துது. இதுலயே போகட்டும். பிடிங்க."

பிடித்தார். மிஷினைக் கதவில் வைத்தார்.

மேஸ்திரி எதிரே குனிந்து டார்ச் பிடித்தாள். "மேல ஒரு சாண்" என்பாள். போவார். "போதும்" என்பாள். நிறுத்துவார். பூச்சு மெல்லிசு என்று இரண்டு பேருக்கும் தெரியும். மெத்தென்ற பஞ்சு வில்லையைப் போட்டு, தடவுகிற மாதிரிதான் போனார். முன் கதவு முடிந்தது. பின் கதவு முடிந்தது. பானெட்டின் அந்தப் பாதியும் முடிந்தது. சோறு ஆறிப் போனது. ஜாபர்தான் கத்தினார். "மூணு மணிங்கோ!"

வண்டியை வாசலில் நிறுத்தவில்லை. நேராக ரோட்டுக்கு ஓட்டினாள் மேஸ்திரி. மில் சுவர் தாண்டி, மூக்கு வடக்கே பார்க்க, ஓரமாக நிறுத்தினாள்.

மேற்கு வெயில் இடது பக்கத்தில் விழுந்தது.

ஒரு கோடு இல்லை. ஒரு இழுப்பு இல்லை. கதவு கதவாகவே தெரியவில்லை. எதிர்ச் சாரியில் இருந்த டீக்கடை, தொங்குகிற வாழைப்பழத் தார், டீ ஆற்றுகிற ஆள், அவர் தூக்கி ஆற்றுகிற டீ எல்லாம் அதற்குள் இருந்தது. கிணற்றில் எட்டிப் பார்த்த மாதிரி அவ்வளவு ஆழம். டீ ஆற்றுகிறவர் தன்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் கோதிக்கொண்டார். பஸ்ஸுக்கு நின்ற நாலு பேர் கிட்டே வந்தார்கள். ஒருத்தர் தொடப் போனார். ஜாபர், "கைய எடுங்க சாமி, மாப்பிள்ளை வண்டி!" என்று விரட்டினார்.

வண்டியை எடுத்துப் போக டிரைவரோடு பத்மாவதியே வந்திருந்தார். ஆட்டோவிலிருந்து இறங்கி நேராக இடது கதவுக்குப் போனார். பட்டுச் சேலையின் கரை கதவில் விழுந்தது. கரையிலிருந்த மாங்காய் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இந்தப் பக்கம் ஆரு போட்டது?"

மேஸ்திரி கையால் நாச்சிமுத்துவைக் காட்டினாள்.

"அப்ப மாப்பிள்ளை இந்தப் பக்கந்தான் எறங்கோணும்" என்றார் பத்மாவதி. "போட்டோக்காரன அங்க நிக்கச் சொல்லிப்போடறேன். அவரு என்ன வேணா சொல்லட்டும்."

நாச்சிமுத்துவுக்குத் தன் நெஞ்சு இவ்வளவு காற்றை இழுக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

டிரைவர் சாவியை வாங்கினார். பழக்க தோஷத்தில் இடுப்பிலிருந்த துணியை உருவினார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் "வேண்டாம்!" என்று கத்தினார்கள். அவர் பயந்து துணியைத் திரும்பச் செருகிக்கொண்டார்.

"ஒரு நிமிசம் இருங்க" என்றாள் மேஸ்திரி. "வண்டியத் திருப்பி நிறுத்துங்க. மூக்கு தெக்க இருக்கட்டும்."

இப்போது நாச்சிமுத்துவின் பழைய பக்கம், வலது பக்கம், மேற்கு வெயிலுக்கு வந்தது. எட்டு மணி வெயில் பார்த்த பக்கம்தான். நாலு மணி வெயில் இன்னும் பார்க்கவில்லை.

மேஸ்திரி பார்த்தாள். நின்று பார்த்தாள். குந்தி உட்கார்ந்து கீழே பார்த்தாள். ரோட்டைத் தாண்டி டீக்கடை வாசலிலிருந்து பார்த்தாள். திரும்ப வந்து, வெயிலைக் கையால் மறைத்து, விட்டு, மறைத்து, விட்டுப் பார்த்தாள். டிரைவர் இரண்டு தரம் ஹாரன் அடித்துவிட்டார்.

"ஒண்ணும் தெரியலீங்ணா" என்றாள்.

ஜாபர் விசிலடித்தார். கறுப்பு வண்டி கிளம்பியது. பெருந்துறை ரோடு முழுவதையும் தன் மேல் ஓடவிட்டுக்கொண்டே போய் மறைந்தது.

மேஸ்திரி கொட்டகைக்குள் போய் ஒரு புது மிஷினையும், வெள்ளை பெயின்ட் டப்பாவையும், ஒரு மெல்லிய தூரிகையையும் எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள்.

நாச்சிமுத்து தூரிகையை எடுத்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒரு தரமாவது அதை அவள் வாயால் கேட்டுவிட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

"அப்ப என் பக்கம் ஒரு கொறையும் இல்லீங்களா மேஸ்திரி?"

"கொறை இல்லைன்னு நானெங்க சொன்னேன்? எனக்குத் தெரியலைன்னு சொன்னேன்" என்றாள் திலகவதி. "அதுக்குத்தானுங்ணா, என் பக்கத்துல இன்னொரு மிஷின்ல இன்னொரு பேர் வேணுமுங்கறேன். எழுதுங்க."